இடுப்பில் மடங்கும் வண்டி

ஜனவரி 9

அண்ணா,

கெட்ட செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன். நலம் விசாரிக்கும் வரிகளை நீ எப்படியும் தாண்டிப் போய் அதைத்தான் தேடுவாய். உன் சின்ன டிராக்டரைக் கொடுத்துவிட்டேன். பதிலுக்கு மணல் அள்ளும் லோடர் ஒன்று வாங்கியிருக்கிறேன். பழையதுதான், ஆனால் பெரியது. நம் சாப்பாட்டு மேசையை நாற்காலிகளோடு தூக்கி அதன் பக்கெட்டில் வைத்துவிடலாம்.

உன்னைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் வேண்டாம் என்றிருப்பாய். அதைப் படித்த பிறகும் நான் இதையேதான் செய்திருப்பேன்.

நீ ஆலைக்காரர் மகனின் தாடையை உடைத்துவிட்டு உள்ளே போன பிறகு, கல்லுடைக்கும் ஆலை கொஞ்ச நாள் அமைதியாக இருந்தது. அவனுக்குத் தெரு உடனே பெயர் வைத்துவிட்டது: கம்பி. தாடை கோணலாகச் சேர்ந்துவிட்டதாம். மறுபடி உடைத்து, மேல் பல்லையும் கீழ்ப் பல்லையும் கம்பியால் சேர்த்துக் கட்டியிருக்கிறார்கள். எதையும் குழல் வைத்துத்தான் குடிக்கிறான். நம் மணல் கொட்டகைக்கு வரும் லாரிகளை மறித்தது, மாமாவை அறைந்தது எல்லாம் அவன்தான் என்பது யாருக்கும் நினைவில்லை. நீ டிராக்டரின் இழுவை ஆணியை உருவி அடித்தது மட்டும் எல்லாருக்கும் நினைவிருக்கிறது.

போன வாரம் காலையில் கதவைத் திறந்தால் வாசலை அடைத்துக்கொண்டு மூன்று பாறைகள். ஆலையில் உடைபடாது என்று ஒதுக்கிப் போட்டிருந்தவை. போலீஸ் ஸ்டேஷனிலிருந்து ஒருவர் வந்தார். பாறைகளைச் சுற்றி நடந்தார். "இதுல யாரு பேரும் எழுதலையேம்மா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

உன் டிராக்டரின் குட்டி பக்கெட்டைப் பாறைக்கு அடியில் கொடுத்துத் தூக்கிப் பார்த்தேன். பாறை எழவில்லை. டிராக்டரின் பின்பக்கம் எழுந்தது. பின் சக்கரங்கள் காற்றில் சுற்ற, நான் தலைகுப்புற விழப் போகிறவள் மாதிரி பாறையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பாரமாக இருக்கட்டும் என்று மாமா பின்னால் கொக்கியில் ஏறி நின்றார். வண்டி குதித்து இறங்கியதில் அவர் மணல் குவியலில் போய் விழுந்தார். ஆலை மதில்மேல் வரிசையாக உட்கார்ந்து பார்த்தவர்களில் ஒருவன் கைதட்டினான்.

அந்தக் கைதட்டல்தான் அண்ணா. மறுநாளே பழைய இயந்திரங்கள் விற்கும் மொட்டையிடம் போனேன். லோடரைக் காட்டி, ஓட்ட ஆள் இருக்கிறதா என்று கேட்டார். இருக்கிறது என்றேன். யார் என்றார். உங்கள் முன்னால் நிற்கிறேன் என்றேன். சிரித்தார். பிறகு சிரிக்கவில்லை. டிராக்டரோடு இழுவைத் தொட்டியையும் கேட்டார், கொடுத்தேன். ஒரு பிற்பகல் முழுக்கச் சொல்லிக்கொடுத்தார். திரும்பும்போது மாமா முன்னால் நடந்து துண்டை வீசி வழி விலக்கினார், ஏதோ நான் யானை மேல் வருகிறேன் என்பது போல.

பாறைகளை ஒவ்வொன்றாகத் தூக்கிக்கொண்டு போய் ஆலை வாசலில் வைத்தேன். கடைசியை வைக்கவில்லை. உயரத்திலிருந்து போட்டேன். வாசல் தூண் சரிந்தது. மதில்மேல் இருந்தவர்கள் உள்பக்கமாகக் குதித்து ஓடினார்கள். நன்றாக இருந்தது.

நீ என்னை ஜெயிலுக்கு வரக் கூடாது என்று சொன்னதால் மாமாவிடமே கொடுத்தனுப்புகிறேன். அவரிடமே பதில் கொடு.

தங்கை

ஜனவரி 16

பாப்பா,

யாரைக் கேட்டுக் கொடுத்தாய்? அந்த வண்டியின் கியர் பெட்டியை என் கையால் பிரித்து மாட்டியிருக்கிறேன். இரண்டாவது கியர் நழுவும், முழங்காலால் அழுத்திப் பிடித்துக்கொண்டுதான் ஓட்ட வேண்டும். மொட்டையிடம் அதைச் சொன்னாயா? சொல்லியிருக்க மாட்டாய். அது ஒன்றுதான் எனக்கு ஆறுதல்.

எனக்குக் கோபம் வண்டிக்காக மட்டும் இல்லை. வண்டிக்காகவும்தான்.

இங்கே நேற்று குளிக்கும் தண்ணீருக்குச் சண்டை. ஒருவன் இன்னொருவன் காதைக் கடித்துத் துப்பினான். நான் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டேன். என் கை என்ன பாடு பட்டது என்று உனக்குத் தெரியாது. இரண்டு கையையும் அக்குளில் வைத்து அழுத்திக்கொண்டு நின்றேன். வெளியே இருந்தபோது இப்படி நிற்கத் தெரிந்திருந்தால் உள்ளே வந்திருக்க மாட்டேன்.

நீ எழுதியதில் ஒரு வரியைத் திரும்பத் திரும்பப் படித்தேன். தூண் சரிந்தது, நன்றாக இருந்தது. பாப்பா, அந்த ருசி எனக்குத் தெரியும். முதல் தடவை நாக்கில் படும்போது, இவ்வளவு நாளும் யாரோ நம்மிடமிருந்து ஒளித்து வைத்திருந்தது போல் இருக்கும். நம் வீட்டில் அது எனக்கு மட்டும் என்று நினைத்திருந்தேன். நீ படிப்பாளி. சாப்பிடும்போதும் புத்தகத்தைத் தட்டில் சாய்த்து வைத்துப் படிக்கிறவள். சண்டை வந்தால் கதவைச் சாத்திக்கொள்கிறவள்.

கதவைச் சாத்திக்கொள். லோடரால் லாரியை மட்டும் நிரப்பு.

அண்ணன்

பிப்ரவரி 2

அண்ணா,

கதவைச் சாத்திக்கொண்டுதான் இருந்தேன். மதியம் சாப்பிட உட்கார்ந்தபோது கண்ணாடி உடையும் சத்தம் கேட்டது.

கம்பியும் ஆலையில் வேலை செய்யும் இரண்டு பேரும். லோடரின் ஜன்னல்களைச் சம்மட்டியால் அடித்துக்கொண்டிருந்தார்கள். மாமா குறுக்கே போயிருக்கிறார். அவர் இடது கையைப் பிடித்து இரும்புப் படியில் வைத்து இரண்டு விரல்களை நசுக்கினார்கள். நான் வெளியே வரும்போது மாமா தரையில் உட்கார்ந்து, தன் விரல்களை யாருடையதையோ பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர்கள் நிதானமாக வெளியே நடந்துகொண்டிருந்தார்கள்.

நான் ஏறினேன். இருக்கை முழுக்கக் கண்ணாடித் துண்டு. அதன் மேலேயே உட்கார்ந்தேன்.

அவர்கள் வாசலை ஒட்டி எடை போடும் அறை இருக்கிறதே, அதன் ஜன்னல் உயரத்துக்குப் பக்கெட்டை வைத்து உள்ளே செலுத்தினேன். சுவர் எதிர்க்கவே இல்லை. நனைந்த அட்டைப் பெட்டி மாதிரி உள்வாங்கியது. கூரை ஓடுகள் பக்கெட்டுக்குள் கொட்டின. பின்பக்க ஜன்னல் வழியாகக் கணக்கர் குதித்து ஓடினார். ஒரு காலில் மட்டும் செருப்பு. பின்னால் எடுத்து, மறுபடியும் உள்ளே போனேன். பிறகு அங்கே அறை என்று ஒன்று இல்லை.

இரண்டாவது முறை போகும்போது உள்ளே யாரும் இல்லை என்று எனக்குத் தெரியும். முதல் முறை தெரியாது. தெரியாது என்பதைக்கூட, அவர் குதிப்பதைப் பார்த்த பிறகுதான் நினைத்தேன். இதை வேறு யாரிடமும் சொல்லவில்லை.

நீ ருசி என்று எழுதியிருந்தாய். நான் வேறு ஒன்றைக் கவனித்தேன். அதற்குள் உட்கார்ந்திருக்கும்போது என் உடம்பு எனக்கு நினைவில்லை. தெருவில் நடக்கும்போது யார் எங்கிருந்து பார்க்கிறார்கள் என்று எப்போதும் ஒரு கணக்கு ஓடுமே, அது ஓடவில்லை. நான் படித்த எந்தப் புத்தகமும் இதை இவ்வளவு நேராக எனக்குச் சொன்னதில்லை. ஒருவேளை சொல்லியிருக்கலாம், நான் அந்தப் பக்கங்களை வேகமாகத் திருப்பியிருப்பேன்.

தொடையில் குத்தியிருந்த கண்ணாடியை மாமாவின் வலது கை எடுத்தது. மாமாவின் இடது கைக்கு நான் கட்டுப் போட்டேன். "இந்த ரெண்டு விரலால நான் ஒண்ணும் பெருசா சாதிச்சதில்ல, விடு" என்றார். டீ கிளாஸை இப்போது வலது கையால் பிடிக்கிறார், அவ்வளவுதான் மாற்றம் என்கிறார். ராத்திரி முனகுகிறார்.

தங்கை

பிப்ரவரி 9

பாப்பா,

எனக்குப் பயமாக இருக்கிறது. இந்த வார்த்தையை நான் எழுதி நீ பார்த்திருக்க மாட்டாய்.

சண்டையை விடு. இன்னொன்று அவசரமாகச் சொல்ல வேண்டும். இங்கே என் பக்கத்தில் படுக்கிற ஆள் லோடர் டிரைவர். தன் உதவியாளைத் தெரியாமல் நசுக்கிவிட்டு உள்ளே வந்தவன். நம் வண்டியைப் பற்றிச் சொன்னதும் எழுந்து உட்கார்ந்துவிட்டான். முதலில் அவன் கேட்டது, இதற்கு முன்னால் டிராக்டரா வைத்திருந்தீர்கள் என்று. ஆமாம் என்றேன். அப்படியென்றால் உங்கள் வீட்டில் ஒருவர் செத்துப்போவார் என்றான்.

டிராக்டரில் முன் சக்கரம்தான் திரும்பும். உடம்பு திரும்பாது. அதனால்தான் முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவில் மாமா வந்து நின்று, என் காதுக்குள் கத்திக் கத்திப் பேசுவார். நீ டீ கொடுப்பதும் அங்கே நின்றுதான். நம் குடும்பமே அந்த இடத்தில் நின்றுதான் பேசியிருக்கிறது. லோடரில் சக்கரம் திரும்பாது. வண்டியே நடுவில் மடங்கும். அந்த மடிப்பை அவர்கள் இடுப்பு என்கிறார்கள். இடது பக்கம் திருப்பினால் இடது பக்கச் சக்கரங்கள் இரண்டும் ஒன்றை ஒன்று நெருங்கும். வண்டி நகரக்கூட வேண்டாம். இன்ஜின் சும்மா ஓடிக்கொண்டிருந்தால் போதும், ஸ்டீயரிங்கை ஒரு சாண் திருப்பினால் போதும். நடுவில் நிற்கிறவன் எலும்பு மிஞ்சாது.

டிராக்டர் வீட்டுக்காரர்களின் கால் பழக்கத்தில் தானாக அங்கேதான் போய் நிற்கும் என்கிறான்.

இதை மாமாவுக்கு வாய்விட்டுப் படித்துக் காட்டு. அந்த இடத்தில் சிவப்புப் பெயின்ட் அடி. யாரையும் அங்கே நிற்க விடாதே.

அண்ணன்

பிப்ரவரி 25

அண்ணா,

நீ எழுதியதை மாமாவிடம் படித்துக் காட்டினேன். இரண்டு பக்கமும் சிவப்புப் பெயின்ட் அடித்தோம். மாமா இப்போதெல்லாம் எட்ட நின்றுதான் கத்துகிறார்.

ஆனால் ஒரு விபத்து நடந்துவிட்டது. கம்பி தகராறு செய்ய வந்தான். நீ சொன்ன அந்த இடத்தில் நின்றுவிட்டான். நான் வண்டியைத் திருப்பும்போது கவனிக்கவில்லை. இடது கால் சிக்கிவிட்டது. மருத்துவமனையில் முழங்காலுக்கு மேல் எடுத்துவிட்டார்கள்.

இன்ஸ்பெக்டர் வந்து பார்த்தார். நிற்கக் கூடாத இடத்தில் நின்றான் என்று மாமா சொன்னார். லாரி டிரைவரும் அதையேதான் சொன்னார். பெயின்டைப் பார்த்துவிட்டு, விபத்து என்று முடித்துவிட்டார்கள். அவர்களுக்கும் ஆலைக்காரர் மேல் ஏதோ பழைய கசப்பு இருக்கும்போலிருக்கிறது.

இப்போது யாரும் வாசலை மறிப்பதில்லை. லாரிகள் வரிசையில் நிற்கின்றன. நீ கவலைப்படாதே.

தங்கை

மார்ச் 11

பாப்பா,

படுத்துக்கொண்டு எழுதுகிறேன். உட்கார்ந்தால் தையல் இழுக்கிறது.

குழாயடியில் வரிசையில் நின்றேன். புதிதாக வந்த ஒருவன் பின்னால் நின்றான். கரண்டிக் காம்பைத் தரையில் தேய்த்துக் கூராக்கி வைத்திருந்தான். என் இடுப்பைச் சுற்றிக் கை போட்டான், ஏதோ தெரிந்தவன் போல. வயிற்றில் இரண்டு முறை. குளிர்ந்த தண்ணீர் பட்டது என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு பார்த்தால் என் கால் கட்டைவிரல் வரை சிவப்பு. அவன் என் காதருகே குனிந்து ஒரே வார்த்தை சொன்னான்: "காலுக்கு."

குடலில் ஒரு முழம் வெட்டி எடுத்திருக்கிறார்கள். பிழைத்துவிடுவேன் என்கிறார்கள்.

இந்தப் படுக்கையில் எனக்கு வேறு வேலை இல்லை. உன் போன கடிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது நீ எழுதின மாதிரி இல்லை. உன் கடிதத்தில் எப்போதும் யாராவது ஏதாவது பேசுவார்கள், வெயில் எங்கே விழுகிறது என்று இருக்கும். இதில் ஒன்றும் இல்லை. கவனிக்கவில்லை என்று மட்டும் இருக்கிறது.

லோடர் டிரைவரைக் கேட்டேன். ஓட்டுகிறவர் ஏறும் ஏணி எந்தப் பக்கம் என்றான். இடது பக்கம் என்று மாமா சொன்னதைச் சொன்னேன். கண்ணாடி உடைந்திருக்கிறது என்றும் சொன்னேன். அப்படியென்றால் அங்கே நிற்கிறவன் முகம் ஓட்டுகிறவள் தோளுக்குப் பக்கத்தில் இருக்கும், மூச்சு மேலே படும், கவனிக்காமல் இருக்கவே முடியாது என்றான். அவன் நசுக்கியது வலது பக்கம், அது கண்ணுக்குத் தெரியாத பக்கம். அதைச் சொல்லும்போது அழுதான்.

உன் வாழ்க்கையில் என்னிடம் பொய் சொன்னதில்லை. எழுது.

அண்ணன்

மார்ச் 18

அண்ணா,

பார்த்தேன். பார்த்துத்தான் திருப்பினேன்.

முற்பகல். ஒரு லாரியை நிரப்பிவிட்டு இன்ஜினை ஓடவிட்டு உட்கார்ந்திருந்தேன். மாமா மணல் குவியலுக்கு அந்தப் பக்கம். கம்பி தனியாக வந்தான். கையில் ஒன்றும் இல்லை. ஏணிக்கு முன்னால், இரண்டு டயர்களுக்கு நடுவில், சிவப்புப் பெயின்டை உரசிக்கொண்டு நின்றான். அவனும் டிராக்டர் பார்த்து வளர்ந்தவன்தான். எந்த இடத்தில் நின்றால் ஓட்டுகிறவருக்குக் கேட்கும் என்று அவன் காலுக்கும் தெரிந்திருந்தது.

கண்ணாடி இல்லாத ஜன்னலுக்குள் கையை விட்டு என் சடையைப் பிடித்தான். மணிக்கட்டில் ஒரு சுற்றுச் சுற்றி இழுத்தான். என் தலை ஜன்னல் விளிம்பில் மோதியது. ரப்பரில் ஒட்டியிருந்த கண்ணாடிச் சில் காதைக் கிழித்தது. அவன் பற்கள் கட்டப்பட்டிருந்ததால் எச்சிலும் பேச்சும் ஒன்றாக வந்தன. "எறங்குடி. உங்கண்ணன் என்ன வாயில அடிச்சான். உன்ன எங்க அடிக்கணும்னு நீயே சொல்லு."

என் வலது கை எதிலும் சிக்காமல் இருந்தது. ஹாரன் அடித்திருக்கலாம். லாரி டிரைவர் கூப்பிடு தூரத்தில் நின்றார். ஹாரன் எனக்கு நினைவில் வந்தது. இதை நீ தெரிந்துகொள்ள வேண்டும். பயத்தில் கை தானாகப் போகவில்லை. ஹாரனையும் நினைத்தேன், உன் கடிதத்தையும் நினைத்தேன். ஸ்டீயரிங்கை இடது பக்கம் திருப்பினேன்.

டயர் அவசரப்படவில்லை. வந்து அவன் தொடையில் சாய்ந்தது. அவன் குனிந்து பார்த்தான். சடையை விட்டுவிட்டான். அங்கேயே நிறுத்தியிருந்தால் சிராய்ப்போடு போயிருப்பான். நான் இன்னும் திருப்பினேன். தொடை ஏணியின் இரும்புப் படியில் போய் ஒட்டியது. எலும்பு உடையும்போது எனக்கு இருக்கையில் அதிர்வு தெரிந்தது. அவனால் வாயைத் திறந்து கத்த முடியவில்லை. சத்தம் மூக்கு வழியாக வந்தது. திறக்க முயன்றதில் கம்பி உதட்டைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்தது. நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். "இப்போ நீ சொல்லு" என்றேன். சாதாரணக் குரலில் சொன்னேன். யாரிடமோ விலாசம் கேட்பது போல.

மாமா ஓடி வந்து மண்வெட்டிக் காம்பால் என் கையில் அடித்தார். கட்டுப் போட்ட கையோடு மேலே ஏறி, அவரே ஸ்டீயரிங்கை வலது பக்கம் திருப்பினார். நான் நிறுத்தவில்லை அண்ணா. என்னை நிறுத்தினார்கள்.

மாமா அன்றிலிருந்து என்னோடு தேவைக்கு மட்டும்தான் பேசுகிறார். இன்ஸ்பெக்டரிடம் எனக்காகப் பொய் சொன்ன அதே வாயால் என்னிடம் பேச அவருக்குப் பிடிக்கவில்லை.

வருத்தம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. நன்றாகத் தூங்குகிறேன். உன் கடிதம் வந்தது. காலுக்கு. அந்த ஒரு வார்த்தையைப் படித்துவிட்டு நேராகப் போய் டீசல் நிரப்பினேன். ஆலைக்குப் பின்னால் அவர்கள் வீடு. முன்னறையில் அப்பாவும் மகனும் இருக்கிறார்கள். ஒற்றைச் செங்கல் சுவர். எடை அறையை விட மெல்லியது.

உன் அனுமதி கேட்டு எழுதவில்லை. மாமா உன் பதிலோடு திரும்பும்வரை பொறுக்கிறேன். அதுவரைதான்.

தங்கை

மார்ச் 24

பாப்பா,

மாமா எதிரிலேயே நிற்கிறார். நேரம் இல்லை, சுருக்கமாகச் சொல்கிறேன்.

என்னைக் குத்தியவனை எனக்குத் தெரியும். நான் வார்டிலிருந்து திரும்பிய அன்றே அவனைப் பழிவாங்க ஒரு பிளேடை என் போர்வைக்குள் யாரோ வைத்துவிட்டுப் போனார்கள். பெரிய அதிகாரி வந்து யார் குத்தியது என்று கேட்டார். குளியலறையில் சறுக்கி விழுந்தேன், குழாய் குத்திவிட்டது என்றேன். இரண்டு தடவையா என்றார். "ரெண்டு தடவ சறுக்குச்சு சார்" என்றேன். எழுதிக்கொண்டு போனார். பிளேடைக் கழிவறையில் போட்டுவிட்டேன். தண்ணீரை ஊற்றி, அது உள்ளே போகும்வரை நின்று பார்த்தேன்.

ஏன் தெரியுமா? கம்பியின் கால் போனதை விபத்து என்று ஸ்டேஷனில் எழுதினார்கள். அந்த ஒரு வார்த்தையைத் தாங்க முடியாமல்தான் ஆலைக்காரக் கிழவன் இங்கே ஆள் பிடித்தான். உன்னைப் பிடித்து உள்ளே போட்டிருந்தால் அவனுக்கு என் வயிறு தேவைப்பட்டிருக்காது. என் தாடைக் கணக்கை நான் இங்கே கழிக்கிறேன். வயிற்றுக் கணக்கைச் சறுக்கி விழுந்தேன் என்று சொல்லி முடித்துவிட்டேன். கால் உன்னுடையது. அதை நீதான் முடிக்க வேண்டும். போய் உள்ளதைச் சொல். வண்டியில் போகாதே.

அந்தச் சுவரை இடித்தால் எனக்குக் கடிதம் எழுத வேண்டாம். நான் பிரிக்க மாட்டேன்.

வருத்தம் வரவில்லை என்று எழுதியிருந்தாய். வராவிட்டால் பரவாயில்லை. அது வரும்வரை காத்திருந்து செய்கிற வேலை இல்லை இது.

அண்ணன்

ஏப்ரல் 1

அண்ணா,

கையெழுத்து கோணலாக இருக்கும். இடது கையால் எழுதுகிறேன்.

உன் பதிலை வண்டிக்குப் பக்கத்தில் நின்று படித்தேன். இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. படித்து முடித்த பிறகும் மேலே ஏறினேன், அதை மறைக்கவில்லை. கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். பிறகு பக்கெட்டைத் தரையில் இறக்கிவிட்டு இன்ஜினை அணைத்தேன். இடுப்பு மடங்காமல் இருக்கப் போடும் இரும்புக் கட்டை ஒன்று வண்டியிலேயே மாட்டியிருந்தது, துருப்பிடித்து. மாமா அதை எடுத்து வந்து நடுவில் பொருத்தி, நல்ல கையில் சுத்தியலைப் பிடித்து அடித்து இறுக்கினார். "சாவியக் குடு" என்றார். கொடுத்தேன்.

ஸ்டேஷனுக்கு ஆலை வாசலைத் தாண்டித்தான் போக வேண்டும், வேறு வழி இல்லை. நான் தள்ளிய தூண் இன்னும் விழுந்தபடியே கிடக்கிறது. ஆலைக்காரர் என்னைப் பார்த்தார். இவ்வளவு மாதத்தில் வண்டி இல்லாமல் அவர் என்னைப் பார்ப்பது அதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன். கடப்பாரையை எடுத்துக்கொண்டு வந்தார். வேலையாட்கள் யாரும் அசையவில்லை.

நான் நின்றேன். "ஸ்டேஷனுக்குப் போறேன். பாத்துத்தான் திருப்பினேன்னு சொல்லப் போறேன்" என்றேன்.

அடித்தார். தலைக்குத்தான் ஓங்கினார், வயதான கை, வலது தோளில் இறங்கியது. எலும்பு போனது எனக்கே கேட்டது. சாலையில் உட்கார்ந்துவிட்டேன். அவர் மறுபடி ஓங்கினார். நான் தடுக்கவில்லை. தைரியம் என்று சொல்லிக்கொள்ள ஆசைதான், ஆனால் கை எழவில்லை என்பதுதான் நிஜம். கண்ணை மட்டும் மூடிக்கொள்ளவில்லை.

வாசலில் நாற்காலியில் கம்பி உட்கார்ந்திருந்தான். வாயில் இப்போது கம்பி இல்லை. நான் கேட்டே இராத குரல், சின்னப் பையனுடையது மாதிரி. "விடுங்கப்பா. அவ நடந்து போகட்டும்" என்றான்.

அவர் அவனைத் திரும்பிப் பார்த்தார். பிறகு கடப்பாரையை ஊன்றி அதன்மேல் சாய்ந்துகொண்டு நின்றார், மூச்சு வாங்கிக்கொண்டு. நான் எழுந்தேன். அவன் முகத்தைப் பார்க்க வேண்டும் என்று நினைத்தேன். போர்வை மூடியிருந்த மடியைத்தான் பார்த்தேன். ஒரு பக்கம் போர்வை தட்டையாக இருந்தது. வருத்தமா என்று எனக்குத் தெரியவில்லை. வாந்தி வந்தது. தெரு ஓரத்தில் எடுத்துவிட்டு நடந்தேன்.

இன்ஸ்பெக்டருக்கு இது பிடிக்கவில்லை. முடிந்துபோனதை ஏன் தோண்டுகிறாய் என்றார். உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தார். சொன்னேன். எந்தப் பக்கம் திருப்பினாய் என்றார். அவன் நின்ற பக்கம். எவ்வளவு. முதலில் ஒரு சாண், பிறகு இன்னும். ஹாரன் வேலை செய்ததா. செய்தது. எல்லாவற்றையும் எழுதினார், எழுத எழுத அவர் குரல் தாழ்ந்துகொண்டே போனது. கையெழுத்துப் போட என்னால் பேனாவைப் பிடிக்க முடியவில்லை. அப்போதுதான் கவனித்தார் போலிருக்கிறது. தோளில் என்ன என்று கேட்டார்.

வழியில் சறுக்கி விழுந்தேன் என்றேன்.

குனிந்து என் தோளைப் பார்த்தார். பிறகு அதையும் எழுதிக்கொண்டார்.

தங்கை